போர்பனும் ஸ்காட்சும் ஒரு படிக்கமும்

உங்களுக்கு ஒரு விடுகதை போடுகிறேன் தம்பி. பஸ் கல்லாறு தாண்டுவதற்குள் அவிழ்க்க வேண்டும், சரிதானா?

அண்ணன் ஒருவன். புதுவீடு என்றால்தான் குடிபோவான். இன்னொருவர் இருந்த வீட்டில் கால் வைக்க மாட்டான். அவன் காலி செய்த வீட்டில், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தம்பி வந்து குடியேறுவான். அண்ணன் விட்டுப்போன வாசனையைத் தன் உடம்பில் பூசிக்கொண்டு வருஷக்கணக்காக உள்ளேயே தூங்குவான். தூங்கி எழுந்து வெளியே வந்தால், அண்ணனைவிடத் தம்பிக்குத்தான் ஊர் அதிக விலை போடும். யார் அவர்கள்?

யோசியுங்கள், அவசரமில்லை. பையைக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள், வளைவில் உருளும். அதோ முன்னால், பச்சைச் சேலை, மடியில் எவர்சில்வர் தூக்குப்போசி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள் என் வீட்டுக்காரி, ருக்மணி. முன்னால் உட்கார்ந்தால் அவளுக்குத் தலை சுற்றாது. மலைப்பாதை இல்லையா? அதற்காகத்தான் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். வேறொன்றுமில்லை.

என்ன, நண்டா? சங்குக்குள் குடிபோகிற நண்டா? பரவாயில்லையே, புத்திசாலிதான். ஆனால் நண்டுக்கு அண்ணன் ஏது, தம்பி ஏது? இல்லை. கல்லாறு வந்துவிட்டது, நானே சொல்லிவிடுகிறேன். அண்ணன் போர்பன். தம்பி ஸ்காட்ச்.

சிரிக்காதீர்கள். இரண்டும் விஸ்கிதான். போர்பன் அமெரிக்காவில் செய்வது. பாதிக்கு மேல் மக்காச்சோளம். அதை ஓக் மரப் பீப்பாயில் ஊற வைப்பார்கள். பீப்பாய் புதிதாக இருக்க வேண்டும், உள்பக்கம் நெருப்பில் கருக்கியிருக்க வேண்டும். அது அங்கே சட்டம். ஒருமுறை போர்பன் இருந்த பீப்பாயில் மறுபடி போர்பன் ஊற்ற முடியாது. அப்புறம் அந்தப் பீப்பாயை என்ன செய்வது? ஸ்காட்லாந்துக்காரன் வாங்கிப் போவான். பார்லியில் காய்ச்சின தன் சரக்கை அதில் ஊற்றிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் வைப்பான். பெரும்பாலான ஸ்காட்ச் அப்படிப் பழைய வீட்டில் வளர்ந்ததுதான்.

இந்த விடுகதையை நானே கட்டினேன். முதலில் என் பேத்தி ஆதிரைக்குத்தான் போட்டேன். எட்டு வயது. அவள் என்ன கேட்டாள் தெரியுமா? "அண்ணன் ஏன் வீட்டை விட்டுப் போனான் அப்புச்சி?" என்றாள். கேள்வியைப் பாருங்கள்! "அதெல்லாம் விடுகதையில வராது கண்ணு" என்றேன். எங்கள் கொங்குப் பக்கம் அம்மாவைப் பெற்றவரை அப்புச்சி என்போம், பெற்றவளை அமுச்சி. அப்பாவைப் பெற்றவர் அப்பாரு. அவளுக்கு இரண்டு பேரும் இருக்கிறோம், நல்ல ஆரோக்கியத்தோடு. வழக்கே அங்கேதான் வந்தது. நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள். முகத்தைப் பார்த்தால் படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள்.

முதலில் நான் யார் என்று தெரிய வேண்டும். குன்னூரில் தேயிலை ஏலம் நடக்கிறதல்லவா? ஏலத்துக்கு முன்னால் ஒவ்வொரு தோட்டத்துத் தூளையும் ருசி பார்த்து, இது இன்ன விலை போகும் என்று மதிப்புப் போட ஓர் ஆள் வேண்டும். ஒரு தரகுக் கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஆள் நான்தான். தெய்வசிகாமணி என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். டீ டேஸ்டர். மேஜை நீளத்துக்கு வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். கரண்டியில் எடுத்து 'ஸ்ர்ர்' என்று காற்றோடு சேர்த்து உறிஞ்ச வேண்டும். வீட்டில் அப்படி உறிஞ்சினால் அடி விழும், அங்கே அதற்குச் சம்பளம். டிகாக்ஷன் நாக்கு முழுக்கப் படர்ந்து மூக்கின் பின்வாசல் வரை ஏற வேண்டும். ஏறியதும் துப்பிவிட வேண்டும். விழுங்கக் கூடாது. தொழிலில் முதல் விதி அதுதான். விழுங்கினவன் நாக்கு பத்தாவது கோப்பையில் பொய் சொல்லும்.

துப்புவதற்குப் பக்கத்திலேயே பித்தளைப் படிக்கம் இருக்கும், இடுப்பு உயரத்துக்கு. நான் ஓய்வு பெற்றபோது மாலை போட்டு, அந்தப் படிக்கத்தையே பாலிஷ் போட்டுக் கொடுத்தார்கள். மேட்டுப்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் நிற்கிறது. ஆதிரை சனி ஞாயிறு வந்தால் முதலில் அதைத்தான் தேடுவாள். டீப்பொடி நாலு வகை கொதிக்க வைத்து, கோப்பைகளை வரிசைப்படுத்தி, என்னைப் போலவே உறிஞ்சி, என்னைப் போலவே துப்புவாள். ஒரு சொட்டு வெளியே சிந்தாது! "விழுங்கக் கூடாது. ஏன்?" என்று கேட்பேன். "விழுங்கினா நாக்கு பொய் சொல்லும் அப்புச்சி" என்பாள். என் நாக்கு அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது.

விஸ்கியையும் துப்புவீர்களா என்று கேட்க வருகிறீர்கள். கேளுங்கள், தப்பில்லை. தேயிலை கம்பெனியுடையது, துப்பலாம். விஸ்கி மாப்பிள்ளை கொண்டுவந்தது. மாப்பிள்ளை அத்தனை தூரம் சுமந்து வந்ததைத் துப்பினால் அவருக்கு என்ன மரியாதை? அதனால் துப்புவதில்லை. ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் குடிகாரன் கிடையாது. மதிப்பீடு செய்கிறேன். தினம் சாயங்காலம் ஒரு மதிப்பீடு. ஞாயிறு என்றால் மதியமும். நேற்றுப் போட்ட மதிப்பு சரியா என்று இன்றைக்குச் சரிபார்க்க வேண்டாமா? மாப்பிள்ளை பாட்டில் தீர்ந்துபோனால் கடைச் சரக்கு. நல்லதை மதிப்பிட மட்டமானதும் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும் அல்லவா? தொழில் அப்படி.

எங்கள் மாப்பிள்ளை யுவராஜ் இருப்பது கென்டக்கியில். கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி. போர்பனுக்குத் தாய்வீடே அந்த ஊர்தான். ஒவ்வொரு தடவை லீவில் வரும்போதும் எனக்குப் போர்பன் வரும். அவருடைய அப்பா, என் சம்பந்தி, நாச்சிமுத்து, பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். அவருடைய பெண்ணைக் கட்டினவர் ஸ்காட்லாந்தில் அபர்டீனில் எண்ணெய்க் கம்பெனி வேலை. அவர் கொண்டுவருவது ஸ்காட்ச். ஆக, மகன் பாட்டில் மாமனாருக்குப் போகிறது, அப்பாவுக்கு மருமகன் பாட்டில் வருகிறது. எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. அவரவர் மாப்பிள்ளை கொண்டுவந்ததுதான் அவரவருக்கு உசத்தி. என் விஷயம் அப்படியில்லை. நான் நாக்கை வைத்துச் சொல்கிறேன். தற்செயலாக அது மாப்பிள்ளை கொண்டுவந்ததாக அமைந்துவிட்டது.

சம்பந்திக்கு வாய் கொஞ்சம் நீளம். முதல் தடவை என் போர்பனை மோந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க சம்பந்தி, இது மக்காச்சோளந்தானுங்களே? நான் கோழிக்குப் போடறத நீங்க குடிக்கறீங்களாக்கும்!" என்றார். எல்லார் முன்னாலும்.

நான் விடுவேனா? "உங்கது என்னமோ வாசம் வருதுங்களே. ஈர வெறகுல கொப்பர காய வெச்ச பொகையா, இல்ல, காயத்துக்குப் போடற டிஞ்சருங்களா?" என்றேன்.

"பொகையில்லீங்க, அது மண்ணு வாசம். அங்க பீட்டுன்னு ஒரு மண்ணக் கொளுத்தித்தான் பார்லியக் காய வெப்பாங்க. நாக்கு பழகோணும். டீத்தண்ணி குடிச்ச நாக்குக்கு ஒடனே புடிபடாது."

டீத்தண்ணியாம்! ஏலத்தில் என் ஒரு சொல்லுக்கு எத்தனை தோட்டக்காரர்கள் காத்திருந்தார்கள் தெரியுமா? சரி, போகட்டும்.

ஆனால் நியாயமாகப் பேசுவோம் தம்பி. ருசி என்று வந்தால் போர்பன் இனிப்பு. வெல்லப்பாகு இறக்கும்போது ஒரு வாசம் வருமே, அது. பின்னால் கொஞ்சம் வனிலா, புதுப்பலகை அறுத்த மணம். முதல் மிடறிலேயே கைகொடுத்துப் பேசிவிடும். ஸ்காட்ச் அப்படியில்லை. சிலது தேனும் பழமுமாக இருக்கும், சிலது உப்பும் புகையுமாக இருக்கும். உம்மென்று உட்கார்ந்திருந்து, ரொம்ப நேரம் கழித்து ஒரு வார்த்தை சொல்லும். அதிலும் அழகு இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். காசுக்கு எது தகும் என்று பாருங்கள். கென்டக்கியில் கோடை நம் ஊர் மாதிரி கொளுத்தும். புதுப் பீப்பாய் வேறு. நாலைந்து வருஷத்தில் மரத்தில் இருக்கிற நல்லதெல்லாம் சரக்கில் இறங்கிவிடும். ஸ்காட்லாந்தில் குளிர், பழைய பீப்பாய், மெதுவாகத்தான் பழுக்கும். அந்தக் காத்திருப்புக்கெல்லாம் சேர்த்து நம்மிடம் விலை வாங்குகிறான். விமான நிலையத்துக் கடையில் ஒரு நல்ல பன்னிரண்டு வருஷ ஸ்காட்ச் கொடுக்கிற காசுக்கு, போர்பன் வாங்கி மிச்சக் காசில் பேத்திக்குப் பொம்மையும் வாங்கலாம். பீப்பாயில் இருக்கும்போதே வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியாகிப் போகிறதாம். அதற்கு 'தேவதைகள் பங்கு' என்று பெயர் வேறு. அதற்கும் காசு நாம்தான்.

இதைச் சொன்னால் சம்பந்தி, "சாமிக்குப் படைச்சதா நெனச்சுக்குங்க" என்பார். "பொறுமைக்குத்தானுங்க வெல. அவசரத்துல பழுத்த மாம்பழம் கல்லு வெச்சுப் பழுத்ததுங்க" என்பார்.

இப்படி விளையாட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன சித்திரையில்தான் வினை வந்தது.

என் மகள் கோகிலா கோயமுத்தூரில் காலேஜில் வாத்தியார். ஆதிரையோடு அங்கேதான் இருந்தாள். அவளுக்கு அமெரிக்காவில் ஒரு வருஷப் படிப்புக்கு இடம் கிடைத்தது. புருஷன் இருக்கிற ஊரிலேயே. போகாமல் இருக்க முடியுமா? ஆனால் அவள் காலையில் போனால் இரவுதான் வருவாள், அவரும் அப்படியே. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அந்த ஒரு வருஷம் ஆதிரை எங்கே இருப்பது? மேட்டுப்பாளையத்தில் என் வீட்டிலா, பல்லடத்தில் சம்பந்தி வீட்டிலா? இதுதான் கேள்வி. கூட்டிப்போக வந்த மாப்பிள்ளை ஒரு நாள் மெதுவாக, "குன்னூர்ல ஒரு ஸ்கூல் இருக்குதுங்க மாமா, ஹாஸ்டலோட. நல்லாப் பாத்துக்குவாங்களாம்" என்றார். நானும் சம்பந்தியும் ஒரே குரலில் கத்தினோம். "ரெண்டு தாத்தனும் கல்லு மாதிரி இருக்கறப்ப புள்ளைக்கு ஹாஸ்டலா?" அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் வித்தியாசமே கிடையாது. மாப்பிள்ளை பக்கத்தில் நின்ற ஆதிரையைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ருக்மணிக்குக் குழந்தை நம்மிடம்தான் வரும் என்று ஒரே நிச்சயம். பக்கத்து அறைக்கு வெள்ளையடித்தாள். ஆதிரைக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று போனில் கேட்டு, மஞ்சளில் திரைச்சீலை தைத்தாள். ஊஞ்சல் மாட்டக் கொக்கி அடித்தாள். எனக்கும் ஒரு நிபந்தனை போட்டாள். "பாப்பா வர்றதுக்குள்ள அந்தப் பாட்டில் ஷோகேஸைக் காலி பண்ணிருங்க" என்றாள். நான் மறுத்தேனா? அன்றைக்கே ஆரம்பித்தேன். மாப்பிள்ளை கொண்டுவந்த விலை உயர்ந்த சாமான், கீழேயா கொட்ட முடியும்? முறையாகத்தான் காலி செய்தேன். கொஞ்ச நாள் பிடித்தது. அந்த நாட்களில் கோகிலா இரண்டு தடவை சாயங்காலம் வந்து போனாள். ஆதிரையை மடியிலேயே வைத்துக்கொண்டு சீக்கிரம் கிளம்பிவிட்டாள். காலேஜில் வேலை அதிகம் போலிருக்கிறது.

பர்லியார் வந்துவிட்டதா? மங்குஸ்தான் சீசன் முடிந்துவிட்டது, இல்லாவிட்டால் இங்கே வாங்கித் தரலாம். ருக்மணி திரும்பிப் பார்க்கிறாளா? இல்லையா? சரி.

சித்திரை கடைசி ஞாயிறு, பல்லடத்தில் சம்பந்தி தோட்டத்து வீட்டில் கெடா விருந்து. குலசாமி கோயிலில் வெட்டிவிட்டு வந்து அங்கே சாப்பாடு. சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்து ஆதிரை விஷயம் பேசி முடிப்பது என்று ஏற்பாடு. நான் என் போர்பனைக் கொண்டுபோயிருந்தேன். படிக்கத்தையும் காரில் ஏற்றிக்கொண்டேன். ஆதிரைதான், "படிக்கம் வேணும் அப்புச்சி" என்று போனில் சொல்லியிருந்தாள். சம்பந்தி வீட்டுக் குழந்தைகளுக்கு உறிஞ்சித் துப்பிக் காட்ட வேண்டுமாம்.

சாப்பாடு ஆனதும் சம்பந்தி ஆரம்பித்தார். "எங்க மாப்பிள்ள இந்தத் தடவ பதினெட்டு வருசத்துது குடுத்தனுப்பிச்சிருக்காருங்க. ஒங்க கோழித்தீவனத்தப் பக்கத்துல வெச்சா அதுக்கே கூச்சம் வந்துரும்."

"கண்ணை மூடிட்டுச் சொல்றேனுங்க. எது எதுன்னு ஒண்ணு தப்பாச் சொன்னாலும் இனிமே வாயே தொறக்க மாட்டேன்" என்றேன்.

முறைப்படி செய்தோம். நாலு வெள்ளைக் கோப்பை. நடுவர் ஆதிரை. வீட்டிலேயே பொய் சொல்லத் தெரியாத ஆள் அவள் ஒருத்திதான். யார் கண்ணுக்கும் தெரியாமல் உள்ளே வைத்து ஊற்றி வந்தாள். கோப்பைகளின் அடியில் ஸ்கெட்ச் பேனாவால் அடையாளம் போட்டிருந்தாள். ஸ்காட்சுக்கு ஒரு கோழி, அது அப்பாருவுடையதாம். போர்பனுக்குத் தேயிலை, அது அப்புச்சியுடையது. எவ்வளவு ஒழுங்கு பாருங்கள்! படிக்கத்தையும் இழுத்துவந்து என் வலது கைப்பக்கம் நிறுத்தினாள், ஏல அறையில் இருந்த மாதிரியே.

அப்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. யார் முதலில் சொன்னது என்று இன்றைக்கும் வழக்கு. நான் சொன்னதாக சம்பந்தி சொல்கிறார், அவர் சொன்னதாக நான் சொல்கிறேன். யார் சொன்னால் என்ன? "யாரு சரியாச் சொல்றாங்களோ, பாப்பா ஒரு வருசம் அவங்க வீட்டுல." இவ்வளவுதான் பேச்சு. சிரித்துக்கொண்டுதான் சொன்னோம். கையடித்துக்கொண்டோம். ஆதிரை கோப்பைத் தட்டோடு அங்கேயேதான் நின்றாள். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சம்பந்தி. இரண்டாவது கோப்பையிலேயே சறுக்கினார். அவருடைய பதினெட்டு வருஷத்து ஸ்காட்சைக் குடித்துவிட்டு, "இது சோளந்தானுங்க, சந்தேகமேயில்ல, கோழி வாசமே வருது" என்றார். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் கோழி படம்! வந்திருந்த சொந்தக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்தது நான். முதல் கோப்பை: வெல்லப்பாகு, புதுப்பலகை. இலை. இரண்டாவது: உலர்ந்த பழம், அடியில் ஒரு நூல் புகை. கோழி. மூன்றாவது: கோழி. நான்காவது: இலை. நாலும் சரி தம்பி! நாலும்! ஓய்வு பெற்று இத்தனை வருஷம் கழித்து. அங்கே இருந்தவர்கள் சாட்சி, ஒருவர் இல்லை என்று சொல்லட்டும்.

ஆக, நியாயப்படி ஆதிரை யாரிடம் வந்திருக்க வேண்டும்? சொல்லுங்கள். இல்லை, சொல்லுங்கள். ஜெயித்தவன் யார்?

சம்பந்தி தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. "அப்பீல்" என்றார். மறுபடி நாலு கோப்பை. அப்புறம் அப்பீலுக்கு ஒரு அப்பீல். இடையில் கொஞ்சம் சத்தம் கூடியிருக்கலாம். சம்பந்தி ஏதோ பழைய பாட்டுப் பாடினார். நான் அழுததாக ருக்மணி சொல்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை. கெடாக் கறியில் மிளகு அதிகம். ஒரு கோப்பை உடைந்தது, யார் கை பட்டது என்று தெரியாது. ஆதிரை விளக்குமாறு கொண்டுவந்து சில்லைக் கூட்டிவிட்டு, வேறு கோப்பை எடுத்து வந்தாள். பொறுப்பான குழந்தை. கோகிலா இரண்டு தடவை வந்து, "ஆதிரை, உள்ள வா" என்று கூப்பிட்டாள். "நடுவர் எந்திரிச்சுப் போகக் கூடாது" என்று நாங்கள்தான் நிறுத்தி வைத்தோம்.

கடைசி அப்பீலுக்கு சம்பந்தி பாட்டிலில் மிச்சம் இருந்த பதினெட்டு வருஷத்தையும் நாலு கோப்பையில் நிறைய நிறைய ஊற்றிவிட்டார். அது பரீட்சையே இல்லை, நாலிலும் ஒரே சரக்கு. ஆளுக்கு ஒரு வாய் வைத்தோம். ஏதோ பேச்சில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினோம். திரும்பிப் பார்த்தால் நாலு கோப்பையும் காலி. ஆதிரை படிக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

"ருசி பாத்தாச்சில்ல அப்புச்சி. மத்தியானத்திலிருந்து நீங்க துப்பவே மறந்துட்டீங்க. படிக்கம் காஞ்சே கெடக்குது. அதான் நானே ஊத்திட்டேன்" என்றாள்.

பதினெட்டு வருஷம் தம்பி! ஒரு மனுஷன் பிறந்து ஓட்டுப் போடுகிற வயசு. சம்பந்தி எழுந்தார், நானும் எழுந்தேன். அவர், "ஏ, கூறுகெட்ட கழுத! என்ன காரியம் பண்ணிப்போட்ட!" என்று கத்தினார். நான் கையை ஓங்கினேன். அடிக்கவில்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஓங்கினேன், அடிக்கவில்லை. ஓங்குவதற்கும் அடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இதை ருக்மணிக்கு எத்தனை தடவை சொன்னாலும் புரிய மாட்டேன் என்கிறது.

ஆதிரை அழவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. அழுதிருந்தால் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். ஓங்கின கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் படிக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். சம்பந்தி பின்னாலேயே போய், ஏதாவது மீட்க முடியுமா என்று எட்டிப் பார்த்தார். வெட்கக்கேடு. நான் வாசனை மட்டும்தான் பார்த்தேன். அவள் தென்னை மரத்தடியில் கவிழ்த்தாள். குழாயடியில் வைத்துக் கழுவினாள். தன் பாவாடையால் துடைத்தாள். கொண்டுவந்து என் நாற்காலிக்கு வலது பக்கம், முதலில் இருந்த அதே இடத்தில் வைத்தாள். தொழில் சுத்தம் என்றால் அதுதான். நான் அந்தக் கோபத்திலும் சம்பந்தியிடம் சொன்னேன், "பாத்தீங்களா, யாரு வளர்ப்புன்னு?"

காட்டேரி தாண்டிவிட்டோம். இனி அரை மணிகூட இல்லை. நீங்கள் குன்னூரில் இறங்கி ஊட்டியா? சரி, சரி. எங்களுக்குக் குன்னூரோடு முடிந்தது. மாதத்துக்கு இரண்டு ஞாயிறு இப்படி வருகிறோம். நடுவில் வருகிற ஞாயிறு சம்பந்தியும் அவர் வீட்டம்மாவும் வருவார்கள். அவரும் இதே பஸ்ஸில்தான் வருவாராம், அவர் வீட்டம்மாவும் முன்னால்தான் உட்காருவார்களாம். அந்தம்மாளுக்கும் தலை சுற்றுகிறது போலிருக்கிறது.

அந்தப் பக்கத்து அறையா? சும்மா பூட்டிக் கிடக்கவில்லை. ருக்மணி இப்போது அங்கேதான் படுக்கிறாள். காற்று நன்றாக வருகிறதாம். அந்த விருந்திலிருந்து அவள் என்னோடு அதிகம் பேசுவதும் இல்லை. தொண்டை சரியில்லை என்று நினைக்கிறேன். டாக்டரிடம் காட்டலாம் என்றால் வர மாட்டேன் என்கிறாள். தூக்குப்போசியில் அதிரசம் வைத்திருக்கிறாள். எனக்குக்கூட ஒன்று தரவில்லை.

எனக்கு வருத்தமெல்லாம் ஒன்றே ஒன்றுதான் தம்பி. போட்டி என்று வைத்தால் தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டாமா? நாலுக்கு நாலு சொன்னேன். வேறு யாராவது சொல்லியிருப்பார்களா? அன்றைக்கு என் நாக்கு ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

எப்படி முடிந்தது என்று கேட்கிறீர்களா? அன்றைக்குச் சாயங்காலமே முடிந்தது. விளக்கு வைத்த நேரம். எல்லாரும் முன்னறையில் உட்கார்ந்தோம். நானும் சம்பந்தியும் முகம் கழுவி, துண்டு மாற்றிக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். சம்பந்தி என் காதில், "போங்க, கூட்டிட்டுப் போங்க, நீங்கதான் ஜெயிச்சீங்க" என்று சொல்லியும்விட்டார். பெரிய மனசு. ருக்மணி மடியில் அந்த மஞ்சள் துணியின் மிச்சத் துண்டு ஒன்று இருந்தது, குழந்தைக்குக் காட்ட எடுத்து வந்திருந்தாள். மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து நின்றார். கோகிலா ஆதிரையைத் தன் முன்னால் நிறுத்தி, தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "யாரு என்ன சொன்னாலும் கணக்கில்ல சாமி. நீ சொல்றதுதான். அம்மா திரும்பி வர்ற வரைக்கும் நீ எங்க இருக்கற? மேட்டுப்பாளையத்துலயா, பல்லடத்துலயா?" என்று கேட்டாள்.

நான் ஆதிரையைப் பார்த்துச் சிரித்தேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். அமுச்சி மடியிலிருந்த மஞ்சள் துணியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

ஹாஸ்டல் என்றாள்.